எல்லைக் காவலும் சூரிய ஆற்றலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எல்லையில் நிற்கும் வீரனுக்குத் துப்பாக்கி மட்டும் போதாது. குளிர் காயக் கணப்பு வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். செய்தி அனுப்பக் கம்பியில்லாக் கருவி வேண்டும். மின்கம்பி எட்டாத முகாம்களில் இவற்றுக்கெல்லாம் டீசலும் மண்ணெண்ணெயுமே துணை. லடாக்கின் கணவாய்கள் குளிர்காலத்தில் பனியால் அடைபடுவதால், பல மாதத் தேவையைக் கோடையிலேயே மலையேற்றிச் சேமிக்க வேண்டும். ஏற்றிச் செல்லும் லாரியும் எண்ணெய் குடிக்கிறது. ஆகவே பாதையைச் சாராத ஆற்றலே இராணுவத்திற்குப் பாதுகாப்பான ஆற்றல்.

கதிரவன் தரும் துணை

கேரளத்தின் ஏழிமலைக் கடற்படைக் கழகத்தில் 2020ஆம் ஆண்டு 3 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே இரவுக்கு ஊர் மின்சாரம் உண்டு. ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் சுஷூலில் அந்த வசதி இல்லை. அங்குள்ள இராணுவ முகாமுக்கு 200 கிலோவாட் மின்சாரத்தை இரவு பகலாக வழங்க, என்.டி.பி.சி. நிறுவனத்தின் சூரிய-ஹைட்ரஜன் திட்டத்திற்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

குளிர் இங்கே ஒரு விதத்தில் நண்பன். சிலிகான் மின்கலத்தின் திறன், ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறையும். எங்கள் தாயில்பட்டி வெயிலில் 65 டிகிரிக்குக் காயும் தகட்டைவிட, லடாக்கில் 15 டிகிரியில் இருக்கும் தகடு, அதே அளவு ஒளியில் சுமார் 20 விழுக்காடு அதிகம் தரும்.

இரவுக்கு என்ன வழி?

காரீய-அமில மின்கலம் கடுங்குளிரில் சோர்ந்துவிடும். எனவே பகல் மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜனைச் சேமித்து, இரவில் எரிபொருள் மின்கலத்தில் மீண்டும் மின்சாரமாக்குகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். 16 மணி நேரத்திற்கு 200 கிலோவாட் என்றால் 3,200 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 16 யூனிட் தரும். ஆக 200 கிலோ தேவை. ஒரு கிலோவை உண்டாக்கச் சுமார் 50 யூனிட் செலவாகும்; மொத்தம் 10,000 யூனிட். மூன்றில் இரு பங்கு இழப்புதான். ஆனால் அதில் ஒரு பகுதி வெப்பமாக வெளிப்படுகிறது. அந்தக் குளிரில் வெப்பமும் செல்வமே.

சேமிப்பில் எச்சரிக்கை

ஹைட்ரஜன், காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றக் கூடியது. இவ்வளவு அகன்ற எல்லை டீசல் ஆவிக்கு இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் இப்பாடத்தைக் கல்லூரிக்கு முன்பே, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் என் பெற்றோரிடம் கற்றேன். ஓர் அறையில் இவ்வளவு மருந்து, இத்தனை பேர், அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்ற அளவுகள் மீறப்படும் இடத்தில் உயிர்கள் போகின்றன. வாயுக்கலன்களும் வீரர் உறங்கும் இடத்திற்கு எட்டத்தில், காற்றோட்டமாக, சிறு சிறு பிரிவுகளாக இருத்தல் வேண்டும்.

ஆற்றலை உண்டாக்குவது பாதி அறிவியல். அடக்கி வைப்பது மறுபாதி. அந்த மறுபாதியின் அருமையைக் கந்தக பூமியின் மாணவர்களாகிய நாம் நன்கறிவோம். அத்துறையில் ஆராய நம்மில் சிலராவது முன்வர வேண்டும்.