மரண ரயிலும் மஸ்டர் ரோலும்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பர்கள், "சிவில்காரன் நீ, பாலம் கட்டுறதைப் பத்தி ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். சரி, ஒரு ரயில் பாதை போட்ட கதையையே எழுதுகிறேன். ஆனால் இது சர்வே நோட்ஸ் அல்ல, சரித்திரப் பாடம். "சரித்திரமா? அது பத்தாம் வகுப்போடு தொலைஞ்சாச்சே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

போர் வரலாறு என்று நாம் படித்தது என்ன? எந்த ஆண்டு தொடங்கியது, எந்தத் தளபதி, எங்கே சரணடைந்தார், என்ன உடன்படிக்கை. துப்பாக்கியே தொடாத குடிஜனங்கள் என்ன ஆனார்கள் என்பது இரண்டு மார்க் கேள்வியாகக்கூட வராது. அந்த இரண்டு மார்க் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேஸ் ஸ்டடி: சயாம் – பர்மா ரயில் பாதை, 1942–43. மலேசியத் தமிழர்கள் இதைச் 'சயாம் மரண ரயில்' என்பார்கள்.

முதலில் காரணம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் விழுந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாப்பாடும் குண்டும் போக வேண்டுமே! மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் அனுப்பினால் எதிரியின் நீர்மூழ்கிகள் காத்திருக்கும். எனவே தாய்லாந்தில் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை காட்டையும் மலையையும் பிளந்து ஒரு மீட்டர் கேஜ் பாதை போட முடிவு செய்தார்கள். நீளம் 415 கிலோமீட்டர். ஏற்கெனவே பிரிட்டிஷ்காரர்கள் யோசித்துப் பார்த்து, "கட்டுப்படியாகாது" என்று கைவிட்ட வழிதான் அது. 1942 நடுவில் தொடங்கிய வேலை, இரண்டு முனையிலிருந்தும் வந்து 1943 அக்டோபர் 17இல் கொன்கொய்த்தா என்ற இடத்தில் சேர்ந்தது.

சிவில் நண்பர்கள் மனக்கணக்குப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பதினாறு மாதம் என்றால் நாளொன்றுக்குச் சராசரி 850 மீட்டருக்கு மேல். அடர்ந்த காடு, அறுநூறுக்கும் அதிகமான பாலங்கள், பெரும்பாலும் அங்கேயே வெட்டிய பச்சை மரத்தில். புல்டோசர் கிடையாது. மண் வெட்டிக் கூடையில் சுமந்தார்கள். பாறையை உளியும் சம்மட்டியும் கொண்டு துளைபோட்டு வெடி வைத்தார்கள். 'ஹெல்ஃபயர் பாஸ்' என்று பெயர் வாங்கிய கோன்யு வெட்டு அப்படி வெட்டியதுதான். ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புக்கூடு மாதிரி ஆட்கள் வேலை செய்ததைப் பார்த்து வைத்த பெயர். வாங் போ என்ற இடத்தில் ஆற்றோரப் பாறையை ஒட்டி வளைந்து போகும் மரப் பாலத்தின் மேல் இன்றைக்கும் ரயில் போகிறது. வேலை என்று பார்த்தால் பிரமிப்பு வரும். எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் யாரை வைத்துச் செய்தார்கள்?

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற 1957ஆம் ஆண்டுப் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் வருவது வெள்ளைக்கார யுத்தக் கைதிகளின் கதை. (படம் எடுத்தது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில் கித்துல்கலவில். படத்தில் பாலம் வெடித்துச் சிதறும். உண்மையான இரும்புப் பாலம் 1945இல் குண்டுவீச்சில் அடிபட்டாலும் பழுது பார்த்து இன்றும் நிற்கிறது. இன்னொரு கூத்து, அந்தப் பாலம் குவாய் ஆற்றின் மேல் கட்டியதே இல்லை. மே குளோங் ஆற்றின் மேல். டூரிஸ்ட்கள் வந்து தேடியதால் 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றினார்கள்!)

கைதிகள் கதை பொய் இல்லை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் சுமார் 62,000 பேர் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஐந்தில் ஒருவர். ஆனால் அவர்களைப்போல மூன்று மடங்கு, அதற்கும் மேலே, அங்கே இருந்தவர்கள் சாதாரணக் கூலி ஜனங்கள். மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். இவர்களில் செத்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

"ஸ்லீப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று இந்தப் பாதையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மேடையில் கைதட்டல் வாங்கும். நாம் டிப்ளமோ மாணவர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டைக்குக் கட்டை 75 சென்டிமீட்டர் என்று வைத்தால் 415 கிலோமீட்டருக்கு ஐந்தரை லட்சம் கட்டை வரும். இரு தரப்பிலும் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆக, கட்டைக்கு ஓர் உயிர் என்பது மிகை. ஐந்து கட்டைக்கு ஓர் உயிர் என்பதே சரி. பாதையை ஒரு லட்சத்தால் வகுத்தால் 4.15 மீட்டர். நம் கிளாஸ்ரூம் நீளத்துக்கு இரண்டு பேர். மிகைப்படுத்தத் தேவையே இல்லை பாருங்கள். சரியான கணக்கே வயிற்றைக் கலக்குகிறது.

தோட்டத்து ஜனங்கள் எப்படி அங்கே போனார்கள்? யுத்தம் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை இல்லை. "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர், சாப்பாடு, வீடு" என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். முதலில் போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் முன்வரவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, கூட்டத்தை அப்படியே ரயிலேற்றியதாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்சாதி பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. சரக்கு வேகனில் பல நாள், பிறகு மழைக்காட்டில் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது.

பின்னால் தோட்டத்தில் தங்கிய பெண்கள் பாடு தனி. அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு தின்று, துணி இல்லாமல் சாக்கு கட்டிக்கொண்டு, "வருவார், வருவார்" என்று இருந்தார்கள். இன்னார் செத்தார் என்று சொல்லக்கூட யாரும் வரவில்லை.

இப்போது பாடத்தின் முக்கியமான இடம். மலேயாவிலிருந்து போனவர்களைப் பற்றி, யுத்தம் முடிந்த பிறகு தொகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தம் 78,204 பேர். இவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இறந்தவர் 29,634. தப்பியோடியவர் 24,626. திருப்பி அனுப்பப்பட்டவர் 6,456. மீதி இருந்தவர் 17,488.

கூட்டிப் பாருங்கள். ஓர் ஆள் கூடாமல் குறையாமல் 78,204 வருகிறது. எங்கள் சர்வே கேம்ப்பில் ஒரு டிராவர்ஸ்கூட இப்படிச் சுத்தமாக குளோஸ் ஆனதில்லை! நம் லெக்சரர் சொல்வாரே, எரர் இல்லாத ஃபீல்டு புக்கைப் பார்த்தால் சந்தேகப்படு என்று. அந்தச் சந்தேகம்தான் வர வேண்டும். காலரா கேம்ப்பில், குழியில் தள்ளி மூடிய இடத்தில், யார் நின்று ஒற்றை இலக்கம் வரை எண்ணினார்கள்?

'தப்பியோடியவர் 24,626' என்ற வரியைப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். காலையில் ஆள் எண்ணும்போது இல்லாதவன் 'ஓடிப்போனவன்'. அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா, நாலு மைல் தள்ளிக் காட்டில் விழுந்து கிடக்கிறானா என்று அந்த வரிக்குத் தெரியாது. அதற்குக் கவலையும் இல்லை. நாளைக்கு எத்தனை மண்வெட்டி கிடைக்கும் என்று பார்க்கப் போட்ட கணக்கு அது. இறந்தவர் வரியை மட்டும் எடுத்தால் 38 சதவீதம். ஓடியவர்களில் பாதிப்பேர் காட்டில் செத்திருந்தால் 54 சதவீதம். இரண்டாவது என் ஊகம்தான். ஆனால் முதலாவதை மட்டும் எழுதுவதும் ஓர் ஊகமே: ஓடியவர் எல்லோரும் பிழைத்தார்கள் என்ற ஊகம்.

ஒரே காடு, ஒரே காலரா, ஒரே அரிசிக் கஞ்சி. கைதிகளில் ஐந்தில் ஒருவர், தோட்டத்து ஜனங்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். ஏன் இந்த வித்தியாசம்? நான் வெகு நேரம் யோசித்தது இதைத்தான். கைதிகள் உடம்பு என்ன இரும்பா? அவர்கள் ஒரு படையாக வந்தவர்கள். அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார். ஆஸ்திரேலிய டாக்டர் எட்வர்ட் டன்லப் போன்றவர்கள் கோன்யு, ஹின்டோக் கேம்ப்களில் மூங்கிலையும் ரப்பர் குழாயையும் வைத்துச் சலைன் ஏற்றினார்கள். கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்கணும், கக்கூஸ் குழி இவ்வளவு தள்ளித்தான் வெட்டணும் என்று கண்டிப்பு இருந்தது. தட்டைக்கூடக் கொதிநீரில் முக்கித்தான் கஞ்சி வாங்கினார்கள். அதிகாரிகள் சம்பளத்தைச் சேர்த்து நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். எல்லாவற்றையும்விட, பெயர்ப் பட்டியல் இருந்தது. யார் எங்கே, என்ன நோய், எந்தத் தேதியில் இறந்தார், எங்கே புதைத்தது என்று ஒளித்து ஒளித்து எழுதினார்கள்.

தோட்டத்து ஜனங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். 1943 ஜூனில்தான், கூலி கேம்ப்களுக்கென்று சிங்கப்பூரிலிருந்து கைதி டாக்டர்களும் உதவியாளர்களுமாக 'கே ஃபோர்ஸ்' என்று இருநூற்றுச் சொச்சம் பேரை அனுப்பினார்கள். காலம் கடந்த வேலை.

காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 6,900 கைதிகளுக்கு வரிசையாகக் கல் வைத்திருக்கிறது. பாதை திறப்பு விழாவில் ஓடிய நீராவி எஞ்சின்கூட, சி56 வகை, நம்பர் 31, டோக்கியோ யசுக்குனி கோவில் மியூசியத்தில் நிற்கிறது. தோட்டத்து ஜனங்களின் எலும்பு 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் காட்டைத் தோண்டியபோது குவியலாக வந்தது. அங்குள்ள ஒரு புத்த விகாரையில் 2023இல்தான் தமிழ் முறையில் ஒரு நடுகல் வைத்தார்கள்.

இந்தப் பாடத்துக்குள் நான் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, போன வருஷ சம்மர் ட்ரெய்னிங். சைட் ஆபீஸில் மஸ்டர் ரோல் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். மேஸ்திரி பெயரை மட்டும் எழுதி, 'வகையறா – 14' என்று போட்டால் போதும் என்றார்கள். ஒரு நாள் சாரம் சரிந்து ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. யார் வண்டியிலோ ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் ரோலில் 'வகையறா – 13'. அந்த அம்மா பெயர் என்ன என்று ஆபீஸில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியும், "அந்தக் குட்டையா இருக்குமே, அந்தப் பொம்பளை சார்" என்றார். அன்றிலிருந்து என் பாக்கெட் நோட்டின் பின்பக்கத்தில் பதின்மூன்று பேர் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தேன். பார்த்துச் சிரித்தார்கள். பதினான்காவது பெயர் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் வீட்டில். என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி ஒருவர் 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாத் தோட்டத்துக்குப் போனவர். வீட்டில் அவர் பெயரே 'பினாங்குத் தாத்தா'. 1941 வரை கடிதமும் பணமும் வந்தனவாம். அப்புறம் ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாம் பக்கம் ஆள் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, அதுல போனாரு" என்றதோடு சரி. ஆடி அமாவாசைக்கு அவருக்குத் தர்ப்பணம் கொடுக்கலாமா, கூடாதா என்று எங்கள் வீட்டில் ரொம்ப காலம் தகராறு இருந்ததாம். கொடுத்தால் செத்தவர் என்று ஆகிவிடும்.

அந்த நாலு வரிக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "இதுல சித்தப்பா எந்த வரிடா?" என்று கேட்டார். அப்பா அவரைப் பார்த்ததே இல்லை. தாத்தா கூப்பிட்ட முறையையே இவரும் சொல்வார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காகிதத்தை மடித்து ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவில் வைத்துவிட்டார்.