பள்ளிக்கு நடந்து போகும் வழி யாருடையது?

அன்புள்ள மருமகளே,

கடைவீதி முனையிலிருந்து பள்ளிவரை சின்னப் பிள்ளைகள் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே நடந்து போகிறார்கள், இதை யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தாய். ஒன்பதாம் வகுப்புப் பெண் தன்னைவிடச் சின்னவர்களுக்காக இதைக் கேட்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. "நகராட்சியில் சொல்" என்று ஒரு வரியில் முடித்தால் அது பாதிப் பதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீ நடக்கும் வழி ஒன்றுதான். அதற்குப் பொறுப்பானவர்கள் பலர். உன் வீட்டுத் தெருவும் பள்ளித் தெருவும் நகராட்சிச் சாலைகள். நடுவில் நீ கடக்கிற, பஸ் ஓடும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊருக்குள்ளேயே இருந்தாலும் அதில் வேகத்தடை போடுவதும் வெள்ளைக்கோடு வரைவதும் அந்தத் துறையின் வேலை. உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அதே சாலையின் தெருவிளக்கை எரியவைப்பது நகராட்சி. ஓரத்தை அடைத்து நிற்கும் டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது. பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் லாரி வராமல் தடுப்பது காவல் துறை. ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை மட்டும்தான் பார்க்கிறது. வீட்டு வாசலில் தொடங்கிப் பள்ளி வாசல்வரை முழு வழியும் தெரிந்தவர்கள் அதில் தினமும் நடக்கும் பிள்ளைகள்தான்.

இதை முதலில் புரிந்துகொண்ட ஊர்களில் ஒன்று டென்மார்க்கில் உள்ள ஓடென்ஸ். தேவதைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன் பிறந்த ஊர். 1970களில் அந்த நாட்டில் நடந்துபோகும் பிள்ளைகள் விபத்தில் சிக்குவது மிக அதிகமாக இருந்தது. பள்ளி செல்லும் பிள்ளைகளைக் காக்கும் கடமையைச் சாலை நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் 1976இல் சட்டமே விதித்தது. ஓடென்ஸ் நகராட்சி, ஆபத்தான இடங்கள் எவை என்று பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டது. அவர்கள் காட்டிய இடங்களில் சாலையைக் குறுக்கி, நடுவில் நின்று கடக்கத் திட்டு அமைத்து, வண்டிகளின் வேகத்தைக் குறைத்தது. நீ செய்ய வேண்டியதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காலை மணி அடிப்பதற்கு முன்பும் மாலை பள்ளி விட்டதும் உன் தோழிகளோடு அந்த வழியில் நடந்து ஒரு வரைபடம் போடு. மழை பெய்யும் நாளில் ஒருமுறை அவசியம் போ. எந்தச் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, பிள்ளைகள் எங்கே நடுரோட்டுக்கு இறங்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். கடக்கும் இடத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பார். நிறுத்திவைத்த ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கு வண்டி தெரியாது. ஓட்டுபவருக்கும் குழந்தை தெரியாது. வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறமை அந்த வயதில் முழுசாக வந்திருக்காது. "பார்த்துப் போ" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்கும் ஒரு விநாடிக்குள்ளேயே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டரில் வரும் வண்டியோ, காய்ந்த சாலையில் அந்த 14 மீட்டருக்குள் நின்றேவிடும். நடைபாதை 1.8 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல். நம் ஊர்ச் சந்துகளில் அந்த ஆறடிக்கு எங்கே போவது? அங்கெல்லாம் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது சிமென்டில் மேடு கட்டினால் அதற்கு உடன்படாதே. விதிப்படியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சரிந்து ஏறி இறங்கும். செங்குத்தான மேட்டில் டூவீலரில் வருபவர்கள் விழுவார்கள்.

அடுத்து மனு. "சாலை மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. வார்டு எண், தெருப் பெயர், எந்த எண் விளக்குக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம்வரை, என்ன குறை, என்ன வேண்டும் என்று எழுது. மூடி மாற்றுவது, விளக்குப் போடுவது போன்றவற்றைத் தனி மனுவாக நகராட்சி ஆணையரிடம் கொடு; இவை சீக்கிரம் நடக்கக்கூடியவை. புது நடைபாதை என்றால் மதிப்பீடு, மன்றத் தீர்மானம், டெண்டர் என்று மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எளிய வேலையும் சேர்ந்தே தேங்கும். நெடுஞ்சாலைத் துறைக்கு வேறு மனு. எல்லாத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டியதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கலாம்; மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எங்கேயும் திரும்பாதே. நடந்து செல்வோருக்கு நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்.

பள்ளி வாசலில் பூவும் கொய்யாவும் விற்பவர்களை அகற்றச் சொல்லி மட்டும் எழுதாதே. தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்களுக்கு இடம் ஒதுக்குவதும் நகராட்சியின் கடமை. அதைவிட முக்கியம், ஒரு பிள்ளை விழுந்தால் முதலில் ஓடிவருபவர்கள் அவர்கள்தான். ஓரமாக இடம் குறித்துக் கொடுங்கள் என்று கேள்.

தனியாக அலைய வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. உங்கள் குழுவில் இருக்கும் கவுன்சிலர் அங்கே உன் வரைபடத்தைப் பார்த்துவிட்டால் மன்றக் கூட்டத்தில் அவரே பேசலாம். அடுத்த கூட்டம் எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் நாளையே கேட்டுவிடு. ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும். பட்ஜெட்டில் இடம்பெற வேண்டியது அதற்கு வெகு முன்பே மன்றத்துக்குப் போயாக வேண்டும். மனுவை எழுதியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. வார்டு எண்ணும் கம்பத்து எண்ணும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை