நண்டு நடை நடந்த ஹைலக்ஸ்

"அண்ணை, உங்கட கெப் நண்டு மாதிரிப் போகுது, கவனிச்சனீங்களோ?"

பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நின்றபோது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் கேட்டான். நான் கவனிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரலளவு திருப்பிப் பிடித்தால் நேராகத்தான் போகிறது, கையும் அதற்குப் பழகிவிடுகிறது. வண்டியின் முதுகு ஒரு பக்கம் ஒதுங்கிப் போவதைப் பின்னால் வருகிறவனால்தான் பார்க்க முடியும்.

என்னுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106. 2779 சிசி டீசல் இயந்திரம், நாலு சில்லும் இழுக்கும், முன்னும் பின்னும் முழு அக்சில், நாலு மூலையிலும் பிளேட் ஸ்பிரிங். இரணைமடு வாய்க்கால் ஓரம் வயலுக்குப் போகவும் நெல் மூட்டை ஏற்றவும் இதைவிட நல்ல வாகனம் எனக்குத் தெரியாது. ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தெரிந்தும் அறுவடைக் காலத்தில் 25 மூட்டை ஏற்றியவன் நான். ஒரு மூட்டை 60 கிலோ என்றாலே கணக்கு என்னவென்று தெரியும். ஆகவே இதில் வண்டியைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சீமெந்துத் தரையில் நிறுத்தி, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்தேன். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் 14 மில்லிமீற்றர் குறைவு. கீழே படுத்துப் பார்த்தால் காரணம் அங்கேயே இருந்தது. வலப்பக்க யு போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங் பிளேட்டுகளை ஒன்றாகக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, பின் அக்சில் முன்னுக்கு நகர்ந்திருந்தது. அந்தப் போல்ட்டின் தலைதான் அக்சிலின் மேல் இருக்கும் குழிக்குள் இறங்கி அதை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் பாரத்தைப் பிடிப்பது யு போல்ட்டின் இறுக்கம். அது விட்டுப்போனால் சுண்டுவிரல் தடிப்புள்ள ஒரு போல்ட் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்?

அதோடு முடிந்திருந்தால் அரை நாள் வேலை. துடைத்துப் பார்த்தபோது ஸ்பிரிங் உட்காரும் மேடையின் ஒட்டு ஓரமாக மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து கியர் ஒயில் கசிந்து, புழுதியோடு சேர்ந்து கரிய சேறாகக் காய்ந்திருந்தது. ஹவுசிங் லேசாக வளைந்தும் இருந்தது. டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்ததற்கு நான் இத்தனை நாளும் டயர்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சியில் என் மெக்கானிக் அண்ணைக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். விரலால் வெடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டலாம் தம்பி. ஒட்டினா சூட்டில இன்னும் வளையும். பிறகு வளைஞ்சதை ஆர் நிமித்திறது?" என்றார். 2023ஆம் ஆண்டு அது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி இன்னும் திறக்கவில்லை, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி விட்டார்கள். முப்பது வருடப் பழைய கெப்புக்குக் கேட்ட விலையில் முன்பு புதியதே வாங்கியிருக்கலாம். விற்கவும் மனமில்லை, வேறு வாங்கவும் வழியில்லை. ஹவுசிங்கை மாற்றுவது, கழற்றுவதோடு கழற்றுவதாக நாலு பக்கமும் பார்த்துவிடுவது என்று முடிவானது.

கொழும்பு மருதானைக்குப் பக்கத்தில் பஞ்சிகாவத்தை. பழைய வாகனச் சாமானுக்கு நாடு முழுவதும் போய்ச்சேரும் இடம் அது. ஒரு கடையில் பின் அக்சில் முழுதாகக் கிடந்தது. ஆறு போல்ட் சில்லு, நாலு சில்லு இழுக்கும் வண்டியுடையது, சந்தேகமில்லை. இரண்டு சில்லு இழுக்கும் ஹைலக்ஸுக்கு ஐந்து போல்ட், அதைத் தலையில் கட்டப் பார்த்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். "ஹைலக்ஸ் எண்டா ஹைலக்ஸ்தான், கொண்டுபோய்ப் பூட்டுங்கோ" என்றார் கடைக்காரர். மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்றில் ஏற்றி அனுப்பினேன்.

கராஜில் இறக்கியதும் அண்ணை முதலில் கேட்டது, "பல்லு எண்ணினியே?"

நான் எண்ணவில்லை. கிறவுன் வளையத்தில் எத்தனை பல், பினியனில் எத்தனை பல் என்பதுதான் அக்சிலின் சாதகம். என்னுடையது 41க்கு 9, அதாவது 4.56. வந்திறங்கியதோ 41க்கு 10, 4.10. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அப்படியே பூட்டியிருந்தால் சாதாரணமாக ஓடும்போது இழுவை கொஞ்சம் குறைந்தது போல இருந்திருக்கும், அவ்வளவுதான். வயலில் இறங்கி நாலு சில்லையும் போட்டவுடன்தான் சண்டை தொடங்கும். முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்ற, முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆறும்.

கடையில் நிற்கும்போதே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். திறக்கவும் தேவையில்லை. இரண்டு பக்கச் சில்லுத் தட்டையும் இரண்டு பேர் பிடித்து ஒன்றாகப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும், மூன்றாவது ஆள் பினியன் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். 41 வந்தால் 4.10, நாற்பத்தைந்தரை வந்தால் 4.56. ஒரு சுற்றோடு நிறுத்தினால் அந்த அரைச் சுற்று வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. அப்படியே வடிகால் மூடியையும் கழற்றி, ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பார்க்கலாம். சாம்பல் நிறக் களிம்பு என்றால் வழமையான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் துண்டு வந்தால் காசை மடித்து வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

என் அதிர்ஷ்டம், வெடித்தது ஹவுசிங் மட்டும், பல் நல்ல பல். இந்த டொயோட்டா அமைப்பில் கிறவுன், பினியன் எல்லாம் ஒரே கட்டாக ஹவுசிங்கின் முன்பக்கத்தால் கழன்று வரும். இரண்டு பக்க அக்சில் ஷாஃப்டையும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் போதும், பல்லோடு பல் பொருந்திய பொருத்தத்தைத் தொடாமலே ஒரு ஹவுசிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். என் பழைய கட்டு, வந்த ஹவுசிங்குக்குள் போனது. தனி ஆளாகத் தூக்கப் பார்க்க வேண்டாம், நான் பார்த்தேன், இடுப்பு ஒரு கிழமை பேசவில்லை.

அக்சில் ஷாஃப்ட் வெளியே வந்த கையோடு அதன் பெயாரிங்கையும் ஒயில் சீலையும் மாற்றிவிட்டோம். பெயாரிங் அழுத்தி ஏற்றியிருப்பதால் லேத்துக்காரரிடம் கொடுத்தோம். சுத்தியலால் அடித்து இறக்கும் வித்துவான்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் அடுத்த வருடம் திரும்பப் போக வேண்டி வரும். பிறேக் குழாயின் நட்டுக்குச் சாதாரண ஸ்பானர் போட்டு மூலையை உருட்டிவிட்டு, பிறகு குழாயையே புதிதாகப் போட்டோம். அது என் கைவேலை.

ஸ்பிரிங்கைப் பிரித்தபோது பிளேட்டுகளுக்கு நடுவில் உமியும் சேறும் அடை அடையாக இருந்தது. சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் பிளேட் கட்டை வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வில்லாக விரிந்து முகத்துக்கு வரும். கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொரு பிளேட்டின் நுனியும் தனக்கு மேலிருக்கும் பிளேட்டில் பிறைபோலக் குழி தோண்டியிருந்தது. வெடிப்பு தொடங்குவது அந்தப் பிறையில்தான். ஆழமில்லாதவற்றைத் தேய்த்து மழுக்கினோம். மூன்றாவது பிளேட் நடுத்துளையிலேயே உடைந்து இரண்டாக இருந்தது. அதே 60 மில்லிமீற்றர் அகலத்தில், அதே தடிப்பில் இன்னொன்று தேடிப் போட்டோம்.

படிந்துபோன பிளேட்டுகளுக்கு ஸ்பிரிங் பட்டறையில் வளைவு கொடுத்தார்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டுச் சும்மா ஆறப்போட்டால் உருக்கின் பதம் போய்விடும், மூன்று மாதத்தில் பழையபடி படியும். குளிரில் அடித்து வளைக்கிற பெரியவர் ஒருவர் இருந்ததால் அவரிடமே கொடுத்தேன். "ஒரு பிளேட் கூடப் போடட்டே? 30 மூட்டை ஏத்தலாம்" என்று கேட்டார். ஆசைதான். ஆனால் ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினால் ஹவுசிங் தடிப்பாவதில்லை, சேஸி தடிப்பாவதில்லை. வெறும் வண்டியாக ஓடும்போது தவளை போலத் துள்ளும். வேண்டாம் என்றேன்.

யு போல்ட் எட்டும் புதிது. ஒருமுறை இறுக்கி இழுபட்டதைத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புஷ் எல்லாம் றபர். அவற்றின் போல்ட்டுகளை வண்டி ஜக்கில் தொங்கும்போது இறுக்காமல், சில்லைப் போட்டுத் தரையில் இறக்கி, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் தரையில் இறங்கியதும் றபர் முறுக்குண்டு கிடக்கும், சீக்கிரம் கிழியும். ஷொக் நாலும் புதிது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முன்பக்கம் திறந்தபோதுதான் அண்ணை சிரித்தார். வடித்த கியர் ஒயில் பால்தேத்தண்ணி நிறம். ஹவுசிங்கின் மேல் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கிறது, அதன் வாய் சேற்றால் அடைத்திருந்தது. ஓடிச் சூடான அக்சிலை வாய்க்கால் தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். மூச்சு விட வழியில்லாததால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு முழ றபர் குழாயை மாட்டி மேலே இயந்திர அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். இந்தக் கட்டுரையிலேயே மலிவான வேலை அதுதான்.

சில்லு திரும்பும் உருண்டைக்குள்ளும் ஒயில் புகுந்து கிறீஸைக் கஞ்சியாக்கியிருந்தது. உள் சீல் போயிருந்தால் அப்படித்தான். சில்லின் முழங்காலை மேலும் கீழும் இரண்டு பெயாரிங் தாங்கும். அவற்றின் மூடிகளுக்கு அடியில் தாள் போல மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எது மேல், எது கீழ், எது இடம், எது வலம் என்று குழம்பினால் உருண்டையின் நடுவே தவறிப்போகும், புதுச் சீலும் ஒரு பக்கமாகத் தேயும். அண்ணை நாலு தயிர்ச் சட்டி எடுத்து, சோக்கட்டியால் எழுதி, ஒவ்வொன்றிலும் அதற்குரியதைப் போட்டார். பூட்டிய பிறகு ஸ்டியரிங் கையின் நுனியில் மீன் நிறுக்கிற தராசைக் கொளுவி மெல்ல இழுத்தார். எத்தனை கிலோவில் அசையத் தொடங்குகிறது என்று பார்த்து, கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, ஒரு தகட்டை எடுத்தார். பிறகு திரும்ப இழுத்தார். அந்தத் தராசில் இன்னும் மீன் வாசம் அடித்தது.

எல்லாம் பூட்டி ஓடிப் பார்க்க ஏ9இல் தெற்கே விட்டேன். மழை ஈரம். முறிகண்டிக்குக் கொஞ்சம் முன்னால் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். மூக்குக் குத்தி, முன்சில்லு இரண்டும் இறுகி வழுக்க, பின்பக்கம் எதுவும் செய்யாமல் சும்மா வந்தது. மாடு தன் பாட்டில் போய்விட்டது. எனக்குக் கால் நடுங்கியது.

மறந்துபோனது ஒரு கம்பி. ஹைலக்ஸில் சேஸியில் ஒரு வால்வு இருக்கும், அங்கிருந்து ஒரு கம்பி பின் அக்சிலுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி படிந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின்சில்லுக்கு அதிக பிறேக் கொடுக்கும். வெறுமையாக உயர்ந்து நின்றால் குறைத்துக் கொடுக்கும். வளைவு கொடுத்த ஸ்பிரிங்கால் வண்டி இரண்டு விரல் உயர்ந்துவிட்டது. வால்வோ பின்னால் பாரமே இல்லை என்று நினைத்துப் பிறேக்கைக் கிட்டத்தட்ட மூடி வைத்திருந்தது. கம்பியின் நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், ஆனால் பழைய நிலை என்ன என்று நான் அளந்து வைக்கவில்லை. கழற்றுமுன் மகன் கைத்தொலைபேசியில் எடுத்திருந்த படம் ஒன்றில் வால்வின் கை எந்தச் சரிவில் நின்றது என்பது தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சரிசெய்தோம். அந்த வால்விலும் காற்று வெளியேற்ற ஒரு நிப்பிள் உண்டு, அதையும் விட்டிருந்தோம்.

300 கிலோமீற்றர் ஓடியதும் யு போல்ட்டைத் திரும்ப இறுக்க வேண்டும் என்று அண்ணை சொல்லியிருந்தார். அந்தக் கணக்கு முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் நிறைந்தது. தேங்காய் உடைத்துவிட்டு, நீளக் கைப்பிடி ஸ்பானரோடு வண்டிக்குக் கீழே போனேன். பதினாறு நட்டும் கால் சுற்று, சிலது அரைச் சுற்று எடுத்தன. கச்சான் விற்கிற அம்மா குனிந்து பார்த்து, "என்ன தம்பி, உடைஞ்சு போச்சே?" என்றார். "இல்லையம்மா, இறுக்கிறன்" என்றேன். "அப்ப சரி, அம்பது ரூபாய்க்குப் போடட்டே?" என்று பையை விரித்தார்.