ஸ்லைடுக்கு முன்னால் எக்ஸ்ரே

நோய்க்குறியியலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, கை கால் எலும்பின் குருத்தெலும்புக் கட்டிகளைப் பற்றி:

1. ஸ்லைடு மேசைக்கு வந்ததும் மைக்ரோஸ்கோப்பில் குனியாதீர்கள். வயது என்ன, எந்த எலும்பு, வலி உண்டா என்று முதலில் கேளுங்கள். எக்ஸ்ரே வராத பயாப்சியை நிறுத்தி வைக்கக் கூச்சப்படாதீர்கள்.

2. இடம் தீர்ப்பையே மாற்றும். விரல் எலும்பின் என்காண்ட்ரோமாவில் செல்கள் நெருக்கமாக, இரட்டைக் கருவோடுகூடத் தெரியலாம். பெரும்பாலும் அது தீங்கற்றதே. அதே காட்சி தொடையெலும்பில் இருந்தால் எளிதில் விட்டுவிடாதீர்கள்.

3. வலியை விசாரியுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தற்செயலாகத் தென்படும் கட்டிகள் ஏராளம். அங்கே வலி மூட்டினுடையது. ஓய்விலும் இரவிலும் விடாமல் வலித்து, மூட்டில் காரணம் கிடைக்காவிட்டால் கட்டியைச் சந்தேகியுங்கள்.

4. நீண்ட எலும்பின் சுவரைப் பாருங்கள். உட்புறத்தில் மூன்றில் இரண்டு பங்கு தடிப்புக்கு மேல் அரித்திருந்தால் எச்சரிக்கை. சுவரை உடைத்துத் தசைக்குள் இறங்கியிருந்தால் காண்ட்ரோசார்கோமாதான். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் சந்தேகத்தைக் கூட்டும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

5. வளையம் வளையமான சுண்ணாம்புப் படிவு 'இது குருத்தெலும்பு' என்று மட்டுமே சொல்லும். பழைய படத்தில் இருந்த சுண்ணாம்பு புதிய படத்தில் கரைந்திருந்தால் கவனியுங்கள்.

6. ஸ்லைடில் செல்லைவிட எல்லையைத் தேடுங்கள். தீங்கற்ற கட்டி தனித்தனி முடிச்சுகளாக நிற்கும். ஓரத்தில் எலும்பு உறை கட்டியிருக்கும். புற்று, பழைய எலும்புக் கீற்றுகளை நாலாபுறமும் வளைத்துத் தனக்குள் சிறைவைக்கும். ஐ.டி.எச். மரபணு மாற்றம் இரண்டிலும் வரும். பிரித்தறிய அது உதவாது.

7. ஆஸ்டியோகாண்ட்ரோமாவில் குருத்தெலும்புத் தொப்பியை அளந்து பாருங்கள். வளர்ந்த ஆளுக்கு அது 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகு கட்டி பெருத்தாலும் சந்தேகியுங்கள்.

8. என்காண்ட்ரோமாவுக்கும் மிகக் குறைந்த தரப் புற்றுக்கும் இடையே கைதேர்ந்தவர்களே கருத்து வேறுபடுவார்கள். ஒரு துணுக்குப் பயாப்சி கட்டி முழுவதற்கும் சாட்சி ஆகாது.

சுரண்டி எடுத்தால் போதுமா, எலும்பையே வெட்ட வேண்டுமா என்பது உங்கள் ஒற்றை வரியில் தொங்குகிறது. கையெழுத்துப் போடுமுன் ரேடியாலஜிஸ்டுக்கும் சர்ஜனுக்கும் ஒரு போன் போடுங்கள்.