அப்பாவிடமும் பையனிடமும் கேட்க வேண்டியவை: ஆண்கள் நலக் குறிப்புகள்

பல் வலி என்றால் வீட்டையே இரண்டாக்கும் ஆண்கள், இடுப்புக்குக் கீழே ஒரு கோளாறு என்றால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அப்பா ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறார். "வயசானா அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன் படிக்கும் பையன் அடிவயிறு வலிக்கிறது என்கிறான். வலி எங்கே தொடங்கியது என்று சொல்ல மாட்டான். புராஸ்டேட் சுரப்பி, விரை இரண்டிலும் வரும் கோளாறுகளில் சில மணிக்கணக்கில் பார்க்க வேண்டியவை. சில மாதக்கணக்கில் பொறுக்கும். எது எந்த ரகம் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பெண்களும் படியுங்கள். பாதி விஷயத்தை முதலில் கவனிப்பவர்கள் நீங்கள்தான்.

1. பையனுக்குத் திடீரென்று அடிவயிற்று வலி, கூடவே குமட்டல், வாந்தி என்றால் ஓமத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், "விரையில வலிக்குதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் முறுக்கிக்கொண்டால் இப்படி வரும். எந்த வயதிலும் வரலாம். 12 முதல் 18 வயதுக்குள் அதிகம். விளையாடும்போது அடிபட்டுத்தான் வரும் என்றில்லை, நடு ராத்திரித் தூக்கத்தில்கூட வரும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் தாண்டினால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். அதனால் விடியட்டும், ஸ்கேன் சென்டர் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வழியில் காபி, இட்லி எதுவும் வேண்டாம். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு அது பெரிய உதவி. வலி தானாகவே விட்டுவிட்டாலும் காட்டாமல் இருக்கக் கூடாது. முறுக்கு அவிழ்ந்து மறுபடி சுற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு.

2. சிறுநீர் முட்டுகிறது, ஆனால் ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது என்றால் அதுவும் அவசரம்தான். "நிறைய தண்ணி குடிங்க, இறங்கிடும்" என்று சொல்லாதவர் இருக்க மாட்டார். செய்யாதீர்கள். அடைத்துக்கொண்ட சிறுநீர்ப்பைக்குள் இன்னும் தண்ணீர் சேர்ந்தால் வேதனைதான் கூடும். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்துவிட்டால் நிமிடத்தில் முகம் தெளிந்துவிடும். அதன் பிறகுதான் காரணம் தேட வேண்டும்.

3. அப்படி அடைத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் நம் மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. சளி, மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமைன் என்ற இரண்டும் இருக்கும். முதலாவது சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். இரண்டாவது பையின் தசையைத் தளர்த்தும். புராஸ்டேட் வீங்கிய ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவருக்கு மட்டும் ஆவி பிடிப்பதும் வெறும் பாராசிட்டமாலும் போதும்.

4. ராத்திரி எழுந்து போவதற்கெல்லாம் புராஸ்டேட்டின் மேல் பழி போட வேண்டாம். இளவயதில் 20 கிராம் அளவில் இருக்கும் அந்தச் சுரப்பி, நடுவயதுக்குப் பிறகு பெருக்க ஆரம்பிக்கும்; 60 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வீங்கியிருக்கும். அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் சர்க்கரை, காலில் நீர் கோப்பது, குறட்டையோடு மூச்சு நிற்பது, சாயங்காலம் விழுங்கும் பி.பி. மாத்திரை எல்லாமும் ஒருவரை ராத்திரியில் எழுப்பும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய நோட்டும் ஒரு அளவுக் குவளையும் போதும். மூன்று நாளைக்கு ஒவ்வொரு தடவையும் போன நேரத்தையும் மில்லி அளவையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 300 முதல் 500 மில்லி போவது இயல்பு. 80, 100 என்று சிறுசிறு அளவாகவே வந்தால் பையிலோ புராஸ்டேட்டிலோ கோளாறு இருக்கலாம். அளவு நன்றாகவே இருந்து, ராத்திரியில் போனதும் காலையில் எழுந்ததும் போனதும் சேர்த்து அன்றைய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், உடம்பு ராத்திரியில் அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம். அதற்குப் புராஸ்டேட் மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. இந்த நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் டாக்டர் பாதி கேள்வி கேட்க வேண்டியிராது. என்னைக் கேட்டால், பல பரிசோதனைகளைவிட இது உபயோகமானது, செலவும் இல்லை.

5. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடலாம். பகலில் குறைக்கக் கூடாது. சாயங்காலக் காபியும் மதுவும் பையைத் தூண்டும். கால் வீங்குகிறவர்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால், அந்த நீர் படுக்கப் போகும் முன்பே வெளியேறிவிடும். நீரிறக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

6. போய்விட்டு வந்த பிறகு வேட்டியில் சொட்டுகிறதா? விரைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து மெல்ல அழுத்தி முன்பக்கமாகக் கொண்டுவந்தால், குழாயில் தேங்கிய மிச்சம் வந்துவிடும். முழுசாகப் போகாத உணர்வு இருந்தால் ஒரு நிமிடம் பொறுத்து இரண்டாவது தடவை முயல வேண்டும். உட்கார்ந்து போவதும் நல்லது. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு, உட்கார்ந்து போகும்போது பையில் தங்குவது குறைந்திருந்தது. "உக்காந்தா போறது?" என்று கௌரவம் பார்ப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

7. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழட்டும். பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது கண்ணின் கருவிழித் தசையைத் தொளதொளக்க வைக்கும். முன்கூட்டித் தெரிந்தால் அவர் அதற்குத் தயாராக இருப்பார்.

8. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் பி.எஸ்.ஏ. என்று புராஸ்டேட்டுக்கான ஒரு ரத்தப் பரிசோதனை வரும். 4 என்ற எண்ணைத் தாண்டினால் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடுகிறது. நாலிலிருந்து பத்துக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். சிறுநீர்த் தொற்று, டியூப் போட்டிருப்பது, முந்தைய இரண்டு நாளில் தாம்பத்யம், நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் எல்லாமே அந்த எண்ணை ஏற்றும். தொற்று இருந்தால் ஆறு வாரம் கழித்து எடுங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும். வழுக்கைக்கு என்று ஸ்கின் டாக்டர் எழுதிக்கொடுப்பதும் இதே மருந்துதான். டாக்டரிடம் சொல்லாவிட்டால், இருக்கும் நோய் இல்லாததுபோல் தெரியும்.

9. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பி.எஸ்.ஏ. பற்றி 50 வயதில் பேச வேண்டியதை 45 வயதிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஆரம்பத்தில் அந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது.

10. சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்து நின்றுவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

11. பதினைந்து வயதிலிருந்து நாற்பது வரை, மாதத்துக்கு ஒரு தடவை வெந்நீரில் குளித்த பிறகு விரைகளைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே ஒவ்வொன்றாக மெல்ல உருட்டுங்கள். உரித்த முட்டைபோல வழவழப்பாக இருக்க வேண்டும். பின்பக்கம் சுருளாகத் தட்டுப்படுவது விந்துக் குழாய், பயப்பட வேண்டாம். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருப்பதும் இயல்பே. வலியில்லாத கட்டி, கனம், புதிதாக வந்த வீக்கம் எதுவானாலும் அந்த வாரமே போங்கள். வலிக்கவில்லையே என்று இருப்பதுதான் ஆபத்து.

விரைப் புற்றுநோய் இளைஞர்களின் நோய். இன்று நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். 1970களுக்கு முன் அது பரவிவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974இல் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை தலைகீழானது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் நோய் நுரையீரல், மூளை வரை போயிருந்தும் பிழைத்தார். நம் யுவராஜ் சிங்குக்கு வந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த கட்டி, ஆனால் நெஞ்சுக்குள். 2012இல் அவர் சிகிச்சை பெற்றதும் அதே ஐன்ஹார்னிடம்தான். ஒரு விரையை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் குரலும் போகாது, தகப்பனாவதும் தடைபடாது. கீமோ தொடங்கும் முன் விந்தணுவை உறைய வைத்துச் சேமிப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள்.

12. விரை வீக்கத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் உண்டு. நீர் கோக்கும் ஓதமாக இருக்கலாம், குடலிறக்கமாக இருக்கலாம். யானைக்கால் கிருமி உள்ள ஊர்களில் கொசுக்கடியாலும் ஓதம் வரும். ஆபரேஷன் சுலபமானது. ஊசி குத்தி நீரை எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் ஸ்கேன் கேளுங்கள். குத்தி எடுத்த நீர் பெரும்பாலும் திரும்பச் சேரும்.

13. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிக்கு ஒரு வேலை. வெந்நீர் ஊற்றும்போது விரைப்பையில் இரண்டும் தட்டுப்படுகின்றனவா என்று பார்க்கட்டும். ஒன்று இறங்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை பொறுக்கலாம். அதற்குப் பிறகு தானாக இறங்குவது அபூர்வம். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், விந்து உற்பத்தியும் கெடும், புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

14. பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது நம் வழக்கம். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் பருவம் வந்த பையனுக்கு வந்திருந்தால், அந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும் விரை வீங்குகிறதா என்றும் கவனியுங்கள். அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர். தடுப்பூசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. அதையும் சேர்த்த எம்.எம்.ஆர். பற்றிக் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

15. ஜிம்மில் தசைக்கு என்று போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விரைகளைச் சுருக்கி விந்து உற்பத்தியை நிறுத்தும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை, விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று மனைவியைப் பரிசோதனைக்கு அலைய விடும் முன், மாப்பிள்ளையிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்பது நியாயம்.

16. கார்க் பாலில் கிரிக்கெட் ஆடுகிறவன் விரையைக் காக்கும் கார்டு இல்லாமல் இறங்கக் கூடாது.

17. கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், விரை சுருங்கும் என்று நள்ளிரவு டி.வி.யில் வந்து பயமுறுத்துபவர்களிடம் பையன்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். அந்தப் பழக்கத்தால் விரைக்கோ புராஸ்டேட்டுக்கோ எந்தக் கேடும் இல்லை. சொப்பனத்தில் வெளியேறுவதும் நோயல்ல. இதை வீட்டில் அப்பாவோ மாமாவோ ஒரு தடவை சொல்லிவிட்டால், லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களின் பிழைப்பு படுத்துவிடும். பெரியவர்களுக்கு விற்கப்படும் டப்பாக்களும் அப்படித்தான். சா பால்மெட்டோ சாற்றை வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு வரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது; வெற்று மாத்திரையைவிட அது உசத்தியாக இல்லை. வைட்டமின் ஈ புராஸ்டேட்டைக் காக்குமா என்று 35,000 பேரிடம் சோதித்தார்கள். புற்றுநோய் குறையவில்லை, 17 சதவீதம் கூடியது.

18. இதற்கெல்லாம் பார்க்க வேண்டியவர் யூராலஜி டாக்டர். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தப் பிரிவின் ஆபரேஷன்கள் உண்டு. ஆசனவாய் வழியே விரல் விட்டுப் பார்ப்பார் என்ற பயத்தாலேயே போகாதவர்கள் பலர். அது சில விநாடி வேலை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், துண்டுச் சீட்டில் எழுதி மேஜை மேல் வையுங்கள். அவர் படித்துக்கொள்வார்.