இயந்திரத்தை மாற்றாமல் வேகத்தைக் கூட்டலாம்: விசைப்படகில் ஒரு இயற்பியல் பாடம்

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்குங்கள். கேத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறை அங்கேதான் இருக்கிறது. சற்று நேரம் நின்று சிறிய விசைப்படகுகளைக் கவனியுங்கள். ஒரே அளவுப் படகு, ஒரே குதிரைத்திறன் கொண்ட இயந்திரம். ஆனாலும் ஒன்று முகப்பைத் தூக்கிக்கொண்டு திணறும். மற்றொன்று நீரின் மேல் வழுக்கிக்கொண்டு முந்தும். ஏன் இந்த வேறுபாடு?

விடை இயந்திரத்துக்குள் இல்லை. அதைப் படகோடு பொருத்தியிருக்கும் முறையில் இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவருக்கு இது பெட்ரோல் செலவு, இயந்திரத்தின் ஆயுள் இரண்டையும் தொட்ட செய்தி. ஈயச்சுரங்கக் குட்டைகளில் தூண்டில் போடும் பொழுதுபோக்குப் படகுக்காரருக்கும் இதே விதிதான்.

படகு நீரில் ஏறும் விதம்

மெதுவாகப் போகும் படகை மிதப்பு விசை தாங்குகிறது. அது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். வேகம் கூடும்போது, அடிப்பகுதி நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நீர் படகை மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு எழும்பி நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்குகிறது. நீரைத் தொடும் பரப்பு குறைவதால் உராய்வும் குறைகிறது. நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் நோக்கமும் இதுதான்: தேவையற்ற இழுவிசையைக் குறைப்பது, இருக்கும் திறனை வீணாக்காமல் உந்துவிசையாக மாற்றுவது.

உந்துசுழலியும் நழுவலும்

நம் படகோட்டிகள் மலாயில் ‘கிப்பாஸ்’ என்று சொல்லும் உந்துசுழலியை ஒரு திருகாணியாக நினைத்துக்கொள்ளுங்கள். திருகாணி ஒரு சுற்றில் மரத்துக்குள் எவ்வளவு முன்னேறுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம். சுழலியில் இதைப் ‘பிட்ச்’ என்று சொல்லி அங்குலத்தில் குறிப்பார்கள். நீர் மரத்தைப் போல் கெட்டியானது அன்று. அதனால் சுழலி சற்று நழுவும். எவ்வளவு என்று கணக்கிடுவோம்.

இயந்திரம் நிமிடத்துக்கு 5,500 முறை சுழல்கிறது. பல்சக்கர விகிதம் 2:1. ஆகவே சுழலி 2,750 முறை சுழலும். பிட்ச் 17 அங்குலம், அதாவது 0.4318 மீட்டர்.

2,750 × 0.4318 × 60 ÷ 1,000 = மணிக்கு 71.2 கிலோமீட்டர்

இது நழுவலே இல்லாத கற்பனை வேகம். ஜிபிஎஸ் காட்டும் உண்மை வேகம் 62 என்றால், நழுவல் (71.2 – 62) ÷ 71.2 = ஏறத்தாழ 13 விழுக்காடு. சிறிதளவு நழுவல் இல்லாமல் உந்துவிசையே பிறக்காது. ஆனால் அது வழக்கத்தைவிட மிகவும் கூடினால், சுழலி சேதமடைந்திருக்கலாம், காற்றை உறிஞ்சலாம், அல்லது படகு அளவுக்கு மீறிய சுமையுடன் போகலாம்.

பெரிய பிட்ச், பெரிய வேகமா?

பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று எண்ணத் தோன்றும். மிதிவண்டியை நினைத்துப் பாருங்கள். மேட்டில் பெரிய கியரைப் போட்டால் கால் திணறும் அல்லவா? இயந்திரமும் அப்படித்தான். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால், உச்சச் சுழற்சி பொதுவாக நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை குறையும்.

ஓர் இயந்திரக் கையேடு, முழு முடுக்கத்தில் சுழற்சி 5,300 முதல் 6,300 வரை இருக்க வேண்டும் என்று சொல்வதாகக் கொள்வோம். 19 அங்குலச் சுழலியில் அது 5,100ஐத்தான் எட்டுகிறது. இயந்திரம் சுமை தாங்காமல் சூடேறி, விரைவில் தேயும். 17 அங்குலத்துக்கு மாற்றினால் சுழற்சி 5,400 – 5,500க்கு உயரும். அளவுக்கு மீறிப் பிட்சைக் குறைத்தால் சுழற்சி எல்லையைத் தாண்டும்; அதுவும் கேடுதான்.

நம் வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. 15 பாகை செல்சியஸ் காற்றைவிட 32 பாகைக் காற்றின் அடர்த்தி 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. ஈரப்பதம் ஆக்சிஜனின் பங்கை இன்னும் குறைக்கிறது. ஆகவே குளிர்நாட்டில் சரியாகப் பொருந்திய சுழலி, கிள்ளானில் இயந்திரத்துக்குப் பாரமாகலாம்.

உயரமும் சாய்வும்

நீருக்குள் இருக்கும் இயந்திரப் பகுதியும் இழுவிசையை உண்டாக்குகிறது. சுழலிக்கு மேலே உள்ள தட்டையான தகட்டைப் படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் வைப்பது நல்ல தொடக்கம். பிறகு சிறிது சிறிதாக இயந்திரத்தை உயர்த்திச் சோதிக்கலாம். மிகவும் உயர்த்தினால் சுழலி காற்றை உறிஞ்சிப் பிடி இழக்கும். குளிர்விக்கும் நீரும் போதிய அளவு ஏறாது. இயந்திரத்தின் பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை தளர்ந்தால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். சேறும் நெகிழிப் பையும் மிதக்கும் ஆற்றில் இது மிக அவசியம்.

இயந்திரத்தின் சாய்வுக் கோணம் ‘டிரிம்’ எனப்படும். புறப்படும்போது உள்நோக்கிச் சாய்த்தால் முகப்பு தாழ்ந்து, படகு விரைவில் எழும்பும். வேகம் வந்தபின் மெல்ல வெளிநோக்கிச் சாய்த்தால் முகப்பு உயர்ந்து உராய்வு குறையும். முகப்பு குதிரைபோல் மேலும் கீழும் ஆடத் தொடங்கினால், சாய்வு கூடிவிட்டது என்று பொருள்.

சுமையும் முக்கியம். பனிக்கட்டிப் பெட்டி, எரிபொருள் கலன், மின்கலம் அனைத்தும் பின்பக்கமே குவிந்தால் படகு எழும்பத் தாமதமாகும். இவற்றை இடம் மாற்றக் காசு செலவில்லை.

வரலாறு சொல்லும் சான்று

1894இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் பார்சன்ஸ் ‘டர்பீனியா’ என்ற நீராவிச் சுழலிக் கப்பலை நீரில் இறக்கினார். திறன் நிறைய இருந்தும் வேகம் சுமார் 20 நாட்டைத் தாண்டவில்லை. மிக வேகமாகச் சுழன்ற உந்துசுழலியைச் சுற்றி அழுத்தம் தாழ்ந்து, நீர் ஆவிக்குமிழிகளாக மாறியதே காரணம். இதைக் ‘கேவிட்டேஷன்’ என்பர். பார்சன்ஸ் தொட்டியில் சிறிய மாதிரிகளைச் சுழலவிட்டு ஆராய்ந்தார். பிறகு ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று சுழலிகள் என மாற்றி அமைத்தார். 1897இல் அதே கப்பல் 34 நாட்டை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டரை எட்டியது.

சோதிக்கும் முறை

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? சுழலியையும் உயரத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்று அறிய முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதுவே தற்சார்பு மாறி. வேகமும் சுழற்சியும் சார்பு மாறிகள். எரிபொருள் அளவு, ஆள் எண்ணிக்கை ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். நீரோட்டத்தின் தாக்கம் நீங்க, இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி காணுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே கண்ட படகின் இயந்திரத்தை 2 சென்டிமீட்டர் உயர்த்தியதும் சுழற்சி 5,600 ஆனது. நீரோட்டத்தோடு 67, எதிர்த்து 61 கிலோமீட்டர் வேகம் பதிவானது. நழுவல் என்ன? (விடை: சராசரி வேகம் 64, கற்பனை வேகம் 72.5, நழுவல் ஏறத்தாழ 12 விழுக்காடு.)

சோதனையைப் பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள். உயிர்காப்புச் சட்டை அணியுங்கள். ஓட்டுநர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு அவர் உடலில் மாட்டியிருக்கட்டும். இயந்திரம் ஓடும்போது சுழலியின் அருகே கை போகக்கூடாது. சீரமைத்த படகை எப்போதும் உச்ச வேகத்தில் விரட்ட வேண்டியதில்லை. பழைய வேகத்திலேயே போனால் பெட்ரோல் மிச்சமாகும். அன்றாடம் கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த மிச்சமே பெரிய வருமானம்.