பட்டணம் போகும் பிள்ளைகள்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர். ஆனால் அங்கே தெருவெல்லாம் தமிழ் கேட்கும். 1880ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆங்கிலக் கம்பெனி அங்கே பெரிய அளவில் தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வந்தார்கள். பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வேலை செய்தார்கள். 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

வேலை போனது. மக்கள் என்ன செய்வார்கள்? ரயில் ஏறினார்கள். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகிறது. 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். விடியும் முன்பே புறப்பட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். கட்டட வேலை, காவல் வேலை, கடை வேலை என்று ஆளுக்கு ஒரு வேலை. இவர்கள் பெங்களூரைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் ரயில் நிலையத்தையும் வேலை செய்யும் இடத்தையும் தவிர வேறு எதையும் பார்க்க நேரம் இல்லை.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். அப்பா தினமும் பெங்களூர் போய் வருகிறவர். அம்மா மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். மகள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தாள்.

“பெற்றோருக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரைப் பெங்களூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். காலை ரயிலில் புறப்படுவோம். விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், லால்பாக் தோட்டம் பார்ப்போம். மாலையில் இசைக் கச்சேரி கேட்போம். கட்டணம் 300 ரூபாய். சம்மதம் என்றால் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.”

“நான்தான் தினமும் போறேனே, அங்கே பார்க்க என்ன இருக்கு?” என்றார் அப்பா. “பையன்னா பரவாயில்லை. பொம்பளைப் பிள்ளையை ராத்திரியில் எப்படி அனுப்புறது?”

அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? எழுதவில்லை. கூட எத்தனை ஆசிரியர்கள் போகிறார்கள்? அவர்களில் பெண்கள் உண்டா? எழுதவில்லை. 300 ரூபாயில் சாப்பாடு சேர்ந்ததா? அதுவும் இல்லை. மூத்த மகன் போன வருடம் இதே போல் ஒரு சுற்றுலா போனான். அப்போது அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் கடிதத்தைப் படித்துச் சொன்னான். அம்மா கைநாட்டு வைத்தார். ஒரு கேள்வியும் எழவில்லை.

“ஏங்க, போக வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி கேட்டுப் பார்க்கலாமே” என்றார் அம்மா. மறுநாள் கடிதத்தோடு பள்ளிக்குப் போனார்.

“டீச்சர், கச்சேரி எத்தனை மணிக்கு முடியும்? அதுக்கப்புறம் நம்ம ஊருக்கு ரயில் இருக்கா?”

ஆசிரியை யோசித்தார். கச்சேரி மாலை ஆறரைக்குத் தொடங்கும். முடிய ஒன்பதைத் தாண்டும். அதன் பிறகு நாற்பது பிள்ளைகளோடு ரயிலுக்கு ஓட முடியாது. “நல்ல வேளை கேட்டீங்கம்மா” என்றார்.

திட்டம் மாறியது. திரும்பி வர ஒரு பஸ் பேசினார்கள். எட்டு மணிக்கே கச்சேரியிலிருந்து எழுந்துவிடுவது என்று முடிவானது. இரவு பதினொரு மணிக்குள் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். பெற்றோர் அங்கே வந்து பிள்ளையை அழைத்துப் போக வேண்டும். கூட நான்கு ஆசிரியர்கள், அவர்களில் இரண்டு பேர் பெண்கள். இதையெல்லாம் எழுதி வேறு கடிதம் வந்தது. கட்டணம் 50 ரூபாய் கூடிவிட்டது உண்மைதான். முடியாதவர்கள் தவணையில் தரலாம் என்றார்கள். அப்பா இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டார்.

உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்தும் இப்படிக் கடிதம் வரும். தெரியாத மொழியில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். விவரம் இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை. பிள்ளைக்கு ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். மருந்தையும் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு சீட்டில் பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், ஆசிரியரின் போன் நம்பர், வீட்டுப் போன் நம்பர் எழுதிப் பையில் வைக்கலாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடி ஓடக் கூடாது. கடைசியாக எல்லாரும் சேர்ந்து நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயிலில் கட்டணச் சலுகையும் உண்டு. எந்த வண்டிக்கு, எவ்வளவு தூரத்துக்குச் சலுகை என்று தலைமை ஆசிரியர் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

சரி, பெங்களூரில் பிள்ளைகள் என்ன பார்ப்பார்கள்?

விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் கஸ்தூர்பா சாலையில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டு பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். அங்கே இயந்திரங்களைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருப்பதோடு விடுவதில்லை. பிடியைச் சுற்றலாம், பொத்தானை அமுக்கலாம், என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மின்சாரம் பற்றிய கூடமும் உண்டு. தங்கவயல் பிள்ளைகள் அதை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். காவிரி விழும் சிவசமுத்திரத்தில் 1902ஆம் ஆண்டு நீர் மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் பெங்களூருக்கு வரவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குத்தான் கொண்டு போனார்கள். சுரங்கத்தின் இயந்திரங்கள் அதில் ஓடின. பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905இல். பட்டணத்தைப் பார்த்து வாய் பிளக்கும் பிள்ளைக்கு, முதலில் மின்சாரம் வந்தது தன் ஊருக்கு என்று தெரிய வேண்டாமா? இதைப் பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் தாத்தாவே போதும்.

லால்பாக் தோட்டத்தை 1760ஆம் ஆண்டு ஹைதர் அலி தொடங்கினார். அங்கே ஒரு பெரிய பாறைக் குன்று இருக்கிறது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு. பிள்ளைகள் அதன் மேல் ஏறி ஓடுவார்கள். ஓடட்டும்.

மாலையில் கச்சேரி. சாமராஜபேட்டையில் ஃபோர்ட் ஹைஸ்கூல் என்ற பழைய பள்ளி இருக்கிறது. பல ஆண்டுகளாக அதன் மைதானத்தில் பந்தல் போட்டு ராமநவமி இசை விழா நடத்தி வருகிறார்கள். விழா தொடங்கியது 1939ஆம் ஆண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு மாதம் போல நடக்கும். நாட்டின் பெரிய பாடகர்கள் அங்கே வந்து பாடியிருக்கிறார்கள்.

“அந்தப் பாட்டு நமக்கு எங்கே புரியும்?” என்று பலர் கேட்பார்கள். பாட்டு பெரும்பாலும் தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோ கன்னடத்திலோ இருக்கும். சொல் புரியாமல் போகலாம். ஆனால் தாளம் எல்லாருக்கும் புரியும். ஆசிரியை ரயிலிலேயே பிள்ளைகளுக்கு ஆதி தாளம் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் போட்டுப் பாருங்கள். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுங்கள். அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்புங்கள். மறுபடி ஒரு தட்டு, திருப்புங்கள். மொத்தம் எட்டு எண்ணிக்கை. பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுதும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

கச்சேரியில் பாடகர் நடுவில் உட்காருவார். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். சில நாள் கடமும் இருக்கும். கடம் என்பது மண்பானைதான். மானாமதுரையில் செய்யும் கடத்துக்கு நல்ல பெயர் உண்டு. பாட்டின் நடுவே ஒரு கட்டத்தில் பாடகர் நிறுத்திவிடுவார். மிருதங்கம் மட்டும் பேசும். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். பெரியவர்கள் சிலர் அப்போது காபி குடிக்க எழுந்து போவார்கள். பறை கேட்டு வளர்ந்த தங்கவயல் பிள்ளைகள் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மிருதங்கத்தின் கட்டை பெரும்பாலும் பலாமரம். இரண்டு பக்கமும் தோல். பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் அதில் சேரும். தோலைப் பதம் பார்த்து இழுத்துக் கட்டும் கைகாரர்களில் பலர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மேடையில் அவர்கள் பெயரைச் சொல்வது அபூர்வம். பறைக்கும் தோல், மிருதங்கத்துக்கும் தோல். ஒன்று தெருவில் நிற்கிறது, ஒன்று மேடையில் உட்காருகிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

ராமநவமி இல்லாத மாதத்தில் போகிறவர்கள் மல்லேஸ்வரம் பக்கம் உள்ள சௌடையா நினைவு மண்டபத்தைப் பார்க்கலாம். 1980இல் கட்டிய அந்த மண்டபமே வயலின் வடிவத்தில் இருக்கிறது. மைசூர் சௌடையா பெரிய வயலின் வித்வான். 1967இல் காலமானார். வயலினுக்கு நான்கு தந்திதான். அவர் ஏழு தந்தி வைத்து வாசித்தார். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் கேட்க வேண்டும் என்று அப்படிச் செய்தார்.

அன்று இரவு பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பஸ் பள்ளி வாசலுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். மகள் இறங்கியதும் அப்பாவைக் கேட்டாள்: “அப்பா, நீங்க வேலை செய்யுற இடத்துலேருந்து மியூசியம் ரொம்பப் பக்கம்தான். உள்ளே போனதே இல்லையா?”

“இல்லைம்மா” என்றார் அப்பா. “ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?”

பயிற்சி: முதல் கடிதத்தை மறுபடி படியுங்கள். அதில் இல்லாத விவரங்களைச் சேர்த்து, அதே கடிதத்தை நீங்கள் எழுதிப் பாருங்கள்.